திருச்சிராப்பள்ளி அறிக்கையும் சின்ன மருதுவும்: போர்க்காலக் கூட்டணியின் முறிவும் வரலாற்று நினைவும்

ஆய்வுச் சுருக்கம்

சிவகங்கைச் சீமையை ஆட்சி புரிந்த மருது சகோதரருள் இளையவரான சின்ன மருது, 1801ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் பெரிய கோயில் மதிலிலும் ஒட்டச் செய்த அறிக்கை, தென்னிந்திய விடுதலைப் போராட்ட வரலாற்றின் தலைமை ஆவணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அவ்வறிக்கையை ஐரோப்பிய எதிர்ப்பு முழக்கமாக மட்டும் காண்பது பெருவழக்கு. ஒரு பழைய கூட்டணியின் தோல்வியை ஆராய்ந்து, அதற்கு மாற்றாகப் புதிய கூட்டணி ஒன்றைக் கட்ட முயன்ற ஆவணமாக அதனைச் சின்ன மருதுவின் வாழ்க்கைப் பின்னணியில் இக்கட்டுரை விளக்குகிறது. அப்புதிய கூட்டணி முறிந்ததன் காரணங்களும், பிற்கால நினைவு மரபு அம்முறிவைத் துரோகம் என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கியதன் விளைவும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சின்ன மருது, திருச்சிராப்பள்ளி அறிக்கை, திருவரங்கம், சிவகங்கைச் சீமை, பாளையக்காரர் கிளர்ச்சி, வரலாற்று நினைவு.

முன்னுரை

போரில் தோற்றவர் வரலாறு பெரும்பாலும் வென்றவரின் ஆவணங்களிலிருந்தே எழுதப்படுகிறது. மருது சகோதரர் வரலாறும் இதற்கு விலக்கன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதப் போக்குவரத்து, படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுநூல் ஆகியவை ஒருபுறமும், சிவகங்கைச் சரித்திரக் கும்மி, சிவகங்கைச் சரித்திர அம்மானை முதலிய தமிழ்ச் சிற்றிலக்கியங்களும் வாய்மொழி வழக்குகளும் மறுபுறமும் இவர்களைப் பற்றிய செய்திகளைத் தருகின்றன. இவ்விரு வகைச் சான்றுகளுக்கும் இடையில் நிற்பது திருச்சிராப்பள்ளி அறிக்கை. அது சின்ன மருதுவின் பெயரால் வெளிவந்தது. ஆயினும் இன்று ஆய்வாளர் எடுத்தாளும் வாசகம் கம்பெனி ஆவணங்களில் இடம்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பே. எனவே அதன் சொற்களைவிட அதன் கருத்தமைப்பையும், அது ஒட்டப்பட்ட இடத்தையும், வெளிவந்த காலத்தையும் வைத்து ஆராய்வதே பாதுகாப்பான முறையாகும்.

1. திருச்சிராப்பள்ளி முற்றுகையும் நவாபின் நட்பும்

மருது சகோதரர் நரிக்குடியை அடுத்த முக்குளத்தில் பிறந்தவர் என்றும், பெரிய மருது 1748இலும் சின்ன மருது 1753இலும் தோன்றினர் என்றும் மரபு கூறுகிறது. சின்ன மருது பிறந்ததாகக் கூறப்படும் அவ்வாண்டில் காவிரிக் கரையில் ஒரு நீண்ட போர் நடந்துகொண்டிருந்தது. பிற்காலத்தில் அவர் எழுப்பிய கேள்விகள் அப்போரின் விளைவுகளிலிருந்தே தோன்றியமையால், அதனைச் சுருங்கக் காண்பது தேவையாகிறது.

கர்நாடக நவாப் பதவிக்கு உரிமை கோரிய முகம்மது அலி 1751இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டிருந்தார். அவரை எதிர்த்த சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை நின்றனர். முகம்மது அலிக்கு ஆங்கிலேயக் கம்பெனி, தஞ்சை மராத்திய அரசு, புதுக்கோட்டைத் தொண்டைமான், மைசூர்த் தளவாய் நஞ்சராஜர், மராத்தியத் தலைவர் முராரி ராவ் ஆகியோர் துணை நின்றனர். 1752இல் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா தம் படையைத் திருவரங்கத் தீவுக்குள் பின்வாங்கச் செய்தார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அத்தீவில் சுற்றி வளைக்கப்பட்ட அவர் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சரணடைந்தார். தஞ்சைத் தளபதி மானோஜியிடம் ஒப்படைந்த சந்தா சாகிபு தலை துண்டிக்கப்பட்டார்.

வெற்றிக்குப் பின்னர் அக்கூட்டணி உடனே பிளந்தது. உதவிக்கு ஈடாகத் திருச்சிராப்பள்ளியையே மைசூருக்குத் தருவதாக முகம்மது அலி உறுதியளித்திருந்தார்; வெற்றி கிட்டியதும் அதனை நிறைவேற்றவில்லை. ஏமாற்றமுற்ற நஞ்சராஜரும் அவரைத் தொடர்ந்து முராரி ராவும் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தனர். போர் மேலும் இரண்டாண்டுகள் நீடித்தது. திருவரங்கம் கோயிலும் அதன் மதில்களும் படைகள் தங்கும் இடமாயின. நவாபின் அணியில் இறுதிவரை நிலைத்து நின்ற வெளிநாட்டுத் துணை கம்பெனி ஒன்றே. அத்துணைக்குரிய செலவு நவாபின் கடனாக மாறியது. கடனுக்கு ஈடாக வரி வசூல் உரிமைகள் கம்பெனியிடம் சென்றன. 1792 உடன்படிக்கையின்படி பாளையக்காரரிடம் பேஷ்குஷ் பெறும் பொறுப்பும் கம்பெனியின் கைக்கு வந்தது. 1795இல் இறந்த முகம்மது அலியின் உடல் திருச்சிராப்பள்ளியில் நத்தர்வலி தர்காவில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் வென்ற சந்தா சாகிபின் அடக்கமும் அத்தர்கா வளாகத்திலேயே உள்ளது. ஐரோப்பியத் துணையை நாடிய இரு போட்டியாளரும் ஒரே இடத்தில் அடங்கினர். அவர்கள் போட்டியிட்ட நாடு இருவர் வழியினரிடமும் நிலைக்கவில்லை.

2. காளையார்கோயில் இழப்பும் விருப்பாச்சிப் புகலும்

நவாப், கம்பெனி உறவின் சுமையைச் சிவகங்கைச் சீமை நேரடியாக உணர்ந்தது 1772இல் ஆகும். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நவாபின் படையும் கம்பெனிப் படையும் இணைந்து முதலில் இராமநாதபுரத்தைக் கைப்பற்றின. இளவயதினரான முத்துராமலிங்க சேதுபதியும் அவர் தாயாரும் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் சிறைவைக்கப்பட்டனர். அடுத்து, காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அரசி வேலு நாச்சியார் தம் மகள் வெள்ளச்சியுடன் தப்பினார். பிரதானி தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரரும் அவருக்குத் துணையாயினர். அப்போது சின்ன மருதுவுக்கு வயது இருபதைத் தாண்டவில்லை.

திண்டுக்கல்லை அடுத்த விருப்பாச்சிப் பாளையத்தில் கோபால நாயக்கர் இவர்களுக்குப் புகலிடம் அளித்தார். மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியின் பாதுகாப்பும் கிட்டியது. ஏறத்தாழ எட்டாண்டுகள் நீண்ட இவ்வனவாசம் சின்ன மருதுவின் அரசியல் கல்விக் காலம் எனலாம். சொந்த நாடு, சொந்தக் குலம், சொந்த மொழி ஆகியவற்றுக்கு அப்பாற்பட்டவரிடமிருந்து படைத்துணை பெற முடியும் என்பதை அவர் இங்கே கண்டார். 1780இல் ஹைதர் அலி கர்நாடகத்தின்மீது படையெடுத்த காலத்தில், அவர் அளித்த உதவியுடன் வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். கூட்டணி ஒன்று வெற்றி தந்த அனுபவம் அவர் வாழ்வில் இதுவே முதலாவது. அந்த அளவிலான வெற்றி பின்னர் வாய்க்கவில்லை.

இவ்வெற்றியின் தன்மையை நுணுகிக் காண வேண்டும். ஹைதர் அலிக்குச் சிவகங்கை, நவாபுக்கு எதிரான பெரும்போரின் ஒரு முனை. வேலு நாச்சியாருக்கோ அது இழந்த அரசு. இரு தரப்பின் நோக்கமும் வெவ்வேறாயினும், எதிரி ஒருவராகவும் காலம் ஒன்றாகவும் அமைந்தன. ஒரு முனையில் ஏற்பட்ட நெருக்கடி மறுமுனைக்கு வாய்ப்பளித்தது. இக்காலப் பொருத்தமே 1801இல் இல்லாது போயிற்று.

3. சேவையும் ஆட்சியும்

அரசு மீண்ட பின்னர் நிருவாகப் பொறுப்பு சின்ன மருதுவிடமும் படைப் பொறுப்பு பெரிய மருதுவிடமும் அமைந்தன. அரசியின் மகள் வெள்ளச்சியை மணந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் மன்னராக விளங்கினாலும், நடைமுறை ஆட்சி மருது சகோதரரிடமே இருந்தது. பெரிய மருது வேட்டையிலும் உடல் வலிமையிலும் பெயர் பெற்றவர். சின்ன மருது சிறுவயலில் தங்கி ஆட்சி அலுவல்களைக் கவனித்தார். மக்கள் தடையின்றி அணுகக்கூடியவராக அவர் இருந்தமையையும், வேல் வீசுதல், வளரி எறிதல் ஆகிய கலைகளைத் தமக்குக் கற்பித்தமையையும் வெல்ஷ் நன்றியுடன் பதிவு செய்துள்ளார். பின்னாளில் அதே வெல்ஷ் அவரை எதிர்த்துப் போரிட்ட படையில் பணியாற்றினார் என்பது அக்காலப் போரின் இயல்பைக் காட்டும்.

காளையார்கோயிலின் உயர்ந்த இராசகோபுரமும் குன்றக்குடித் திருப்பணிகளும் இச்சகோதரர் பெயரோடு இணைந்தவை. இத்தகைய கொடைகள் சமயப் பற்றின் வெளிப்பாடு மட்டுமல்ல. அரசக் குடியில் பிறவாத ஆட்சியாளர் மக்களிடையே ஏற்புரிமை பெறும் வழியும் ஆகும். இவ்வேற்புரிமைச் சிக்கல் அவர் வாழ்வின் இறுதிவரை தொடர்ந்தது.

வெளியுறவில் அக்காலம் அமைதியானதாக இல்லை. 1783இல் கர்னல் புல்லர்ட்டன் தலைமையிலான கம்பெனிப் படை சிவகங்கைமீது வந்தது. 1789இல் மீண்டும் ஒரு படையெடுப்பு நிகழ்ந்தது. இருமுறையும் மருது சகோதரர் காளையார்கோயில் காட்டை அரணாகக் கொண்டனர். இருமுறையும் இறுதியில் உடன்பாட்டுக்கு வந்து ஆட்சியைத் தக்கவைத்துக் கொண்டனர். இதே காலத்தில் அண்டை அரசான இராமநாதபுரத்தோடு பகைமை முற்றியது. 1790களின் நடுப்பகுதியில் இரு சீமைகளுக்கும் இடையே மோதல்கள் நிகழ்ந்தன. முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி 1795இல் பதவி நீக்கிச் சிறைப்படுத்தியபோது, சிவகங்கை அவருக்குத் துணை நிற்கவில்லை. மறவர் சீமைகள் இரண்டும் ஒன்றையொன்று பகைத்தமை கம்பெனிக்கு வாய்ப்பாயிற்று. அறிக்கையில் சின்ன மருது கண்டித்த ஒற்றுமையின்மை அவருடைய சொந்த ஆட்சியின் அனுபவத்திலும் இடம்பெற்றிருந்தது என்பதை மறைத்தல் இயலாது.

4. கூட்டணி உருவான சூழல்

1799ஆம் ஆண்டு தென்னக அரசியலை மாற்றியது. மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதே மாதத்தில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி தம் நாட்டின் நிருவாகத்தைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கைக்கு இசைந்தார். 1780இல் சிவகங்கைக்குக் கைகொடுத்த மைசூரைப் போன்றதொரு பேரரசுத் துணை இனிக் கிட்டாது என்னும் நிலை உருவாயிற்று.

இந்நிலையில் எழுந்ததே சிறுதலைவர்களின் கூட்டமைப்பு. 1971இல் வெளிவந்த கே. ராஜய்யனின் ஆய்வு, இக்கிளர்ச்சிகளைத் தனித்தனி நிகழ்வுகளாகக் கொள்ளாமல் ஒருங்கிணைந்த எழுச்சியாகக் கண்டது. 1800-1801ஆம் ஆண்டுப் போரை இந்தியாவின் முதல் விடுதலைப் போர் என மதிப்பிட்டது. திண்டுக்கல் பகுதியில் கோபால நாயக்கர், சிவகங்கையில் மருது சகோதரர், மலபாரில் கேரள வர்மா, மைசூரின் வடபகுதியில் தூண்டாஜி வாக் ஆகியோரை இணைக்கும் முயற்சி நடைபெற்றதை அவ்வாய்வு காட்டுகிறது. முப்பதாண்டுகளுக்கு முன் புகலிடம் தந்த கோபால நாயக்கரும் புகலடைந்த மருது சகோதரரும் இப்போது சமநிலைத் தோழர்களாயினர்.

இத்திட்டத்தின் முதற்சோதனை 1800 ஜூன் 3ஆம் நாள் கோயம்புத்தூரில் நடந்த தாக்குதல். அது தோல்வியுற்றது; பங்கு கொண்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பர் 10இல் ஆர்தர் வெல்லெஸ்லியின் படையால் தூண்டாஜி வாக் கொல்லப்பட்டார். கூட்டமைப்பின் மேற்குச் சிறகு அவ்வாண்டே முறிந்தது.

கிழக்கில் போர் அதன் பின்னரே மூண்டது. 1801 பிப்ரவரி 2ஆம் நாள் ஊமைத்துரையும் தோழர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிப் பாஞ்சாலங்குறிச்சியை மீண்டும் எழுப்பினர். மே 24ஆம் நாள் அக்கோட்டை கர்னல் அக்னியூவின் படையிடம் வீழ்ந்தது. காயமுற்ற ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குள் புகுந்தார். அவரை ஒப்படைத்தால் சின்ன மருதுவின் ஆட்சி மேலும் சில காலம் நீடித்திருக்கலாம். 1783இலும் 1789இலும் கையாண்ட சமரச வழி அவருக்குத் தெரியாததன்று. ஆயினும் அவர் அடைக்கலம் அளித்தார். தாம் ஒருகாலத்தில் விருப்பாச்சியில் பெற்றதைத் தாமே பிறருக்கு வழங்கிய இம்முடிவே அவரைத் திரும்பி வரவியலாத போருக்குள் செலுத்தியது.

5. கோட்டைச் சுவரும் கோயில் மதிலும்

பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்து மூன்று வாரங்களுக்குப் பின், 1801 ஜூன் 16ஆம் நாள் அறிக்கை வெளிப்பட்டது. ஒரு படி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனைக்குச் செல்லும் வாயிலிலும், மற்றொன்று திருவரங்கம் பெரிய கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டிருந்தன. இரண்டும் சிவகங்கைச் சீமைக்கு வெளியே, கம்பெனியின் காவற்படை இருந்த நகரைச் சார்ந்த இடங்கள்.

இத்தேர்வு தற்செயலானதன்று. நாயக்கர் அரண்மனையாக இருந்து நவாபின் அரண்மனையாக மாறிய இடம், முகம்மது அலியும் கம்பெனியும் கொண்ட உறவு வலுப்பெற்ற களம். அவ்வுறவையே அறிக்கை தன் வாதத்தின் தொடக்கமாகக் கொண்டது. நவாப் அறியாமையால் ஐரோப்பியருக்கு இடமளித்தார். அதனால் அவர் கணவனை இழந்தவள் நிலைக்கு ஆளானார். இடம்பெற்றவர் நம்பிக்கையை மீறி நாட்டையே தமதாக்கிக்கொண்டு மக்களை இழிவாக நடத்தினர். நாட்டவரிடையே ஒற்றுமையும் நட்பும் இன்மையே இதற்கு வழிவகுத்தது என்பது அதன் கருத்து. வறுமை பெருகியதையும் உணவு அரிதானதையும் அது சுட்டியது. திருச்சிராப்பள்ளி முற்றுகையிலிருந்து அரைநூற்றாண்டுக் கால அரசியலை ஒரு கூட்டணித் தவறாக அது மதிப்பிட்டது எனலாம்.

திருவரங்கம் வேறொரு வகையில் பொருத்தமான இடம். நாடெங்குமிருந்து அடியார் வந்து திரும்பும் திருத்தலம் அது. அங்கு ஒட்டப்படும் செய்தி ஊர்தோறும் பரவும். அறிக்கையும் தன்னைப் படிப்போர் படியெடுத்துப் பரப்ப வேண்டும் எனக் கோரியது. சுவரிலிருந்து அகற்றுவோரைப் பஞ்சமாபாதகம் செய்தோராகச் சபித்தது. அச்சுப் பரவல் இல்லாத காலத்தில் மடல், சுவர், சாபம் ஆகிய மூன்றையும் கருவியாகக் கொண்ட அரசியல் பரப்புரை முறை இதில் காணப்படுகிறது. கல்வெட்டுகளின் இறுதியில் அறத்துக்குக் கேடு செய்வோரைச் சபிக்கும் ஓம்படைக்கிளவி மரபு இங்கே அரசியல் ஆவணத்துக்குள் புகுந்துள்ளமை தமிழாய்வாளர் கருதத்தக்கது.

அறிக்கை விளித்த மக்கள் தொகுதியும் விரிவானது. நாவலந்தீவில் வாழும் அந்தணர் முதலாகிய எல்லா வருணத்தாரையும் முஸ்லிம்களையும் அது ஒருங்கே அழைத்தது. கம்பெனியின் படையில் பணிபுரிந்த சிப்பாய்களையும், அவர்தம் பதவிப் பெயர்களாலேயே விளித்து, ஆயுதத்தைத் திருப்புமாறு வேண்டியது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் சமயத்துக்கேற்ற சாப வாசகங்களைக் கொண்டிருந்தது. சின்ன மருது தம்மைப் பேரரசர்களின் ஊழியராகவும் ஐரோப்பியரின் தீராப் பகைவராகவும் அறிமுகப்படுத்திக் கொண்டார்.

அதேவேளையில் அறிக்கை முன்வைத்த அரசியல் தீர்வு புதுமையானதன்று. பழைய அரசுகள் உரியவரிடம் மீளவேண்டும். நவாப் தம் நிலையைப் பெறவேண்டும். ஐரோப்பியர் நவாபைச் சார்ந்தவராக அடங்கவேண்டும் என்பதே அதன் சாரம். அழைப்பு மக்களை நோக்கியது. தீர்வு மன்னர்களைச் சார்ந்தது. இம்முரண் அறிக்கையின் குறை என்பதைவிட, அக்கால அரசியல் சிந்தனையின் எல்லை எனக் கொள்வது பொருந்தும். ஆயினும் கூட்டணியின் எதிர்காலத்தை இம்முரணே பெரிதும் தீர்மானித்தது.

6. கூட்டணி முறிந்த முறை

அறிக்கை வெளிவந்த காலத்தில் அதன் அழைப்பை ஏற்கத்தக்க அரசு எதுவும் தென்னாட்டில் எஞ்சவில்லை. மைசூர் அரியணையில் கம்பெனி அமர்த்திய உடையார் மரபினர் இருந்தனர். தஞ்சை 1799 உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டது. நவாப் உம்தத் உல் உமரா அறிக்கை வெளியான ஒரு மாதத்துக்குள், ஜூலை 15ஆம் நாள் இறந்தார். ஜூலை 31இல் அஜீம் உத் தௌலாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வாயிலாகக் கர்நாடகத்தின் முழு ஆட்சியும் கம்பெனிக்குச் சென்றது. எந்த நவாபின் நிலையை மீட்க அறிக்கை விரும்பியதோ, அந்நவாபின் ஆட்சியே முடிவுற்றது. அப்போதைய சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ், 1752இல் திருச்சிராப்பள்ளிப் போர்க்களத்தில் முகம்மது அலிக்காகப் போரிட்ட ராபர்ட் கிளைவின் மகன். தந்தை காலத்தில் நட்பாகத் தொடங்கிய உறவு மகன் காலத்தில் உடைமையாக முடிந்தது.

புதுக்கோட்டைத் தொண்டைமான் கம்பெனியின் பக்கம் நின்றார். அவருடைய நாடு கம்பெனிப் படைக்கு வழியும் உணவும் உதவியும் அளித்தது. இதனை ஒரு நாள் துரோகமாகக் காண்பதைவிட, 1751 முதல் தலைமுறைகள் தொடர்ந்த நட்பின் தொடர்ச்சியாகக் காண்பதே வரலாற்று முறை. தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய வலிய அண்டை நாடுகளுக்கிடையில் ஒரு சிற்றரசு தன் இருப்புக்காகத் தேர்ந்த துணை அது. அத்தேர்வு பயனும் தந்தது; அண்டைப் பாளையங்கள் மறைந்த பின்னரும் புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக நீடித்தது. அதன் விலையை அண்டை மக்கள் செலுத்தினர் என்பதும் உண்மையே.

சிவகங்கைக்குள்ளேயே ஏற்பட்ட பிளவு இதனினும் ஆழமானது. மருது சகோதரர் அரச மரபினர் அல்லர் என்பதைக் கம்பெனி படைக்கருவிக்கு இணையான அரசியல் கருவியாக்கியது. அரச மரபில் உரிமை கோரிய படமாத்தூர் கௌரி வல்லப ஒய்யாத் தேவரைச் சீமையின் உரிய தலைவராக அறிவித்துச் சோழபுரத்தில் பதவியேற்கச் செய்தது. தம்மை அரசர்களின் ஊழியர் என அறிமுகப்படுத்தி, பழைய அரசுரிமைகளை மீட்கப் போரிட்டவருக்கு எதிராக, அரசுரிமை என்னும் அதே வாதம் திருப்பப்பட்டது. அரச மரபின்மீது பற்றுக்கொண்டோர் பலர் மருது சகோதரரை விட்டு விலக இவ்வறிவிப்பு வழிவகுத்தது.

போர்க்களத்தில் சின்ன மருது எளிதில் தோற்கவில்லை. ஜூலை இறுதியில் சிறுவயலைத் தாமே எரித்துவிட்டுக் காட்டுக்குள் நகர்ந்தார். சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டி வழியமைக்க அக்னியூவின் படை ஆகஸ்ட் முழுவதும் முயன்று, இறுதியில் அம்முயற்சியைக் கைவிட்டது. ஒய்யாத் தேவரின் பதவியேற்புக்குப் பின்னர், அக்டோபர் 1ஆம் நாள் பல முனைகளிலிருந்து நடந்த தாக்குதலில் காளையார்கோயில் வீழ்ந்தது. காடு கொடுத்த பாதுகாப்பை அரசியல் பிளவு நீக்கியது. பிடிபட்ட மருது சகோதரர் அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்; அவர்தம் வழியினர் பலரும் உடன் கொல்லப்பட்டனர். நவம்பர் 16இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் வேங்கன் பெரிய உடையத் தேவரும் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

இவற்றைத் தொகுத்துக் காணின், முறிவுக்குரிய காரணங்கள் மூன்றாகும். முதலாவது, காலப் பொருத்தமின்மை: மேற்கு முனை அழிந்த பின்னரே கிழக்கு முனை முழுப்போரில் இறங்கியது, கூட்டணி மிகச் சுருங்கிய நிலையில்தான் அதன் அழைப்பு மிக விரிந்தது. இரண்டாவது, துணையின்மை: 1780இல் இருந்த ஹைதர் அலியைப் போன்ற ஒரு பேரரசு 1801இல் இல்லை. மூன்றாவது, ஏற்புரிமைச் சிக்கல்: மக்களை அழைத்த தலைமை அரசுரிமை மொழியிலேயே பேசியது, அம்மொழியில் கம்பெனியால் வேறொருவரை எளிதில் முன்னிறுத்த முடிந்தது.

7. நினைவும் அரசியலும்

போருக்குப் பின் வெற்றியாளர் அமைத்த ஒழுங்கும் அமைதியாக நிலைக்கவில்லை. 1803இல் ஒய்யாத் தேவருக்குச் சிவகங்கை நிலையான ஜமீனாக உறுதிசெய்யப்பட்டது. அவர் மறைவுக்குப் பின் வாரிசு வழக்குகள் தொடர்ந்தன; கட்டம நாச்சியார் தொடுத்த வழக்கு 1863இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் தீர்ப்புப் பெற்று, இந்து வாரிசுரிமைச் சட்ட வரலாற்றில் இடம்பெற்றது. அரசுரிமையைக் காரணம் காட்டி முடிவு செய்யப்பட்ட போர், அரசுரிமை குறித்த வழக்காகவே அறுபதாண்டுகள் நீடித்தது.

மக்கள் நினைவு வேறு வழியில் சென்றது. காளையார்கோயில் கோபுரத்தைத் தகர்ப்பதாக எதிரி அச்சுறுத்தியதால் மருது சகோதரர் தாமே வெளிப்பட்டனர் என்னும் வாய்மொழி வழக்கு, தோல்வியைத் தியாகமாக மாற்றியது. கூட்டணித் தோல்வியை விளக்கும் பொறுப்பைத் துரோகி என்னும் உருவம் ஏற்றது. எட்டயபுரத்துத் தலைவரின் பெயர் தமிழில் காட்டிக்கொடுப்பவரைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. கட்டபொம்மனைப் பிடித்தளித்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களே. ஆயினும் பழிச்சொல் எட்டயபுரத்தின்மீதே நிலைத்தது. நினைவு மரபு தனக்குத் தேவையான உருவத்தைத் தேர்ந்துகொள்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

இருபதாம் நூற்றாண்டில் இந்நினைவு அரசியல் அரங்குக்கு வந்தது. 1959இல் ஒரே ஆண்டில் கட்டபொம்மனைப் பற்றியும் சிவகங்கைச் சீமையைப் பற்றியும் இரு திரைப்படங்கள் வெளிவந்தன; பின்னதைக் கண்ணதாசன் தயாரித்தார். ஒரே கூட்டணியின் இரு முனைகள் திரையில் போட்டியிடும் இரு கதைகளாயின. 2004இல் மருது சகோதரருக்கு இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. ஆண்டுதோறும் அக்டோபரில் திருப்பத்தூரிலும் காளையார்கோயிலிலும் நடைபெறும் நினைவு நிகழ்வுகளில் அரசியல் கட்சிகளும் சமுதாய அமைப்புகளும் பங்கேற்கின்றன. ஒரு சமுதாயம் தன் முன்னோரைப் போற்றுதல் இயல்பே. ஆயினும் எல்லாச் சாதியினரையும் இரு சமயத்தாரையும் ஒருங்கே விளித்த ஓர் அறிக்கையின் ஆசிரியர், குல அடையாளத்தின் வழியாகவே பெரிதும் நினைவுகூரப்படுவது அவ்வறிக்கையின் நோக்கத்தோடு பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் முடிவும் இங்கே கருதத்தக்கது. 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த அது, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக்கப்பட்டு, 1974இல் தனி மாவட்டமாகும் வரை அவ்வாறே இருந்தது. கம்பெனியோடு கொண்ட நட்பால் நிலைத்த அரசும், அதனை எதிர்த்து அழிந்த அரசும் ஒரே குடியரசின் மாவட்டங்களாக இன்று உள்ளன. இந்நிலையில் துரோகி, தியாகி என்னும் இருமை வரலாற்று விளக்கத்துக்குப் போதுமானதாக இல்லை.

முடிவுரை

சின்ன மருதுவின் வாழ்வில் கூட்டணி மூன்று நிலைகளில் அமைந்தது. இளமையில் அவர் பிறர் கூட்டணியால் நாடிழந்தார். ஹைதர் அலி, கோபால நாயக்கர் ஆகியோர் துணையால் நாடு மீண்டார். இறுதியில் தாமே ஒரு கூட்டணியைக் கட்ட முயன்று உயிரிழந்தார். முதல் இரண்டின் அனுபவமும் மூன்றாவதன் ஆவணமான திருச்சிராப்பள்ளி அறிக்கையில் படிந்துள்ளது. நாட்டின் வீழ்ச்சிக்கு ஐரோப்பியரின் வஞ்சகத்தை மட்டும் அது காரணமாகக் கூறவில்லை. நாட்டவரின் ஒற்றுமையின்மையையும் காரணமாக்கியது. பிற்கால நினைவு மரபு அறிக்கையின் பகைமை முழக்கத்தை ஏற்றுக்கொண்டு, அதன் தன்னாய்வைக் கைவிட்டது. தனிமனிதர் சிலரைத் துரோகிகளாக நிறுத்துவதன் மூலம், இராமநாதபுர மோதல், காலப் பொருத்தமின்மை, அரசுரிமைச் சிக்கல் ஆகிய உண்மைக் காரணங்கள் பார்வையிலிருந்து மறைந்தன.

எனவே திருச்சிராப்பள்ளி அறிக்கையை வீர முழக்கமாகப் போற்றுவதோடு அமையாது, கூட்டணி அரசியலின் ஆவணமாகவும் கற்றல் வேண்டும். கும்மி, அம்மானை முதலிய தமிழ்ச் சான்றுகள் தொண்டைமானையும் ஒய்யாத் தேவரையும் எவ்வாறு சித்திரிக்கின்றன என்பதைக் கம்பெனி ஆவணங்களோடு ஒப்பிட்டு ஆராய்வது, இத்துறையில் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும்.